அடிவரியும் குரல்பெயர்ப்பும்

பிறமொழிக் கலையைத் தம்மொழியிற் பெறுங்கால் ஒரு மக்கள் எதனைக் கொள்கின்றனர், எதனை இழக்கின்றனர் என்னும் வினா இலக்கிய ஆராய்ச்சிக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுத்தபொழுதே அவ்வினா எழுந்துவிட்டது. இன்று அது ஏட்டை விட்டுத் திரைக்கு வந்துள்ளது. ‘அனிமே’ எனப்படும் ஜப்பானியச் சித்திரப்படங்களை மூலக்குரலோடு நிறுத்தி, உரையாடலின் பொருளைத் திரையின் அடியில் எழுத்தாற் காட்டுதல் ஒரு முறை. மூலக்குரலை நீக்கித் தமிழ்க்குரல் சேர்த்தல் மற்றொரு முறை. மக்கள் இவற்றைச் சப்டைட்டில் என்றும் டப்பிங் என்றும் வழங்குவர். ஈண்டு முறையே அடிவரி, குரல்பெயர்ப்பு என வழங்குவோம்.

2025 செப்டம்பர் 12ஆம் நாள் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்னும் ஜப்பானியப் படம் இந்தியாவில் வெளிவந்தது. ஆங்கில அடிவரியுடன் கூடிய ஜப்பானிய வடிவமும், தமிழ் உள்ளிட்ட மொழிகளின் குரல்பெயர்ப்பு வடிவங்களும் ஒருங்கே திரையேறின. கே.கே. நகரில் ஒரே தெருவில் வாழும் நம் முதுகலை மாணவர் இருவருள் ஒருவர் ஜப்பானிய வடிவத்தைக் கண்டார். மற்றவர் தம் தாயுடனும் தங்கையுடனும் தமிழ் வடிவத்தைக் கண்டார். முன்னவர் பின்னவரை எள்ளினார். மூலத்தை அறியாது கண்டவர் என்றார். தமிழ் பயிலும் ஒருவர் தமிழ்க் குரலைக் கேட்க நாணினார் என்பது நம்மை வருத்தியது. அந்நாணத்திற்கு ஏது உண்டோ என்று ஆராயவும் தூண்டியது.

அவ்விருவரும் வாழும் இடமே இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். கே.கே. நகரை அடுத்துள்ள வடபழனியிலும் சாலிகிராமத்திலும் குரற்பதிவுக் கூடங்கள் பல உள்ளன. 1943இல் வெளிவந்த ‘சத்ய ஹரிச்சந்திரா’ என்னும் கன்னடப் படத்தை ஏ.வி. மெய்யப்பர் 1944இல் தமிழ்க்குரல் சேர்த்து வெளியிட்டார். இந்தியாவிற் குரல்பெயர்ப்புக்கு அதுவே தொடக்கம் என்பர். பேசாப்படக் காலத்தில் திரையருகே நின்று கதையை விளக்குவோர் தமிழ்நாட்டில் இருந்தனர். ஜப்பானிலும் ‘பென்ஷி’ என்னும் விளக்குநர் இருந்தனர். எனவே, பிறர் கலையைத் தம்மொழிக் குரலாற் கேட்டல் இரு நாட்டார்க்கும் பழகிய நெறியேயாம்.

அடிவரியைப் போற்றுவோர் கூறும் காரணம் எளிதில் தள்ளற்பாலதன்று. குரல் என்பது பொருளை ஏற்றிச் செல்லும் வெறுங்கருவியன்று. நகை, அழுகை, அச்சம், வெகுளி முதலாய மெய்ப்பாடுகள் சொல்லினும் குரலிலேயே மிகுதியும் வெளிப்படும். நடிகர் ஒருவர் விம்மிய விம்மலை வேறொருவர் விம்மின் அது வேறு படைப்பே என்பர். இதனை நாம் உடன்படுகின்றோம். ஆயினும் ஒன்று கருதற்பாலது. ஜப்பானில் அனிமேக்குரிய குரல் பெரும்பாலும் படம் வரைந்த பின்னரே பதிவு செய்யப்படுகின்றது. சித்திரத்தின் வாய் பேசுவதன்று. அதன்மேற் குரல் ஏற்றப்படுகின்றது. ஆதலின் உயிருள்ள நடிகரின் உதட்டிலிருந்து அவர்தம் குரலைப் பிரித்தல் போன்ற ஊறு ஈண்டு நேர்வதில்லை. படைத்தோரின் நேர்ப்பார்வையில் அமைந்த குரல் என்னும் சிறப்பு மட்டும் மூலத்திற்கு எஞ்சும். அச்சிறப்புப் பெரிதே, எனினும் அதனாற் குரல்பெயர்ப்பு இழிந்ததாகாது.

இனி அடிவரியின் இயல்பை நோக்குவோம். செவி கேட்கும் விரைவிற் கண் படித்தல் அரிது. படிக்குங்கால் ஓவியத்தையும் காணல் வேண்டும். ஆகவே அடிவரி இரண்டு வரிக்குட் சுருங்குகின்றது. தொல்காப்பியர் வகையிற் கூறின், அது தொகுத்தலின் பாற்படும். தொகுக்குங்கால் எவை விடுபடுகின்றன என்பதே நம் வினா. நம் மாணவர் படித்த அடிவரி ஆங்கிலம் என்பதை ஈண்டு மறத்தலாகாது. அவர் செவி மூலத்தைக் கேட்டது. அவர் அறிவு பெற்றதோ ஆங்கில மொழிபெயர்ப்பையே.

ஜப்பானிய மொழியில் ‘அனி’ அண்ணன், ‘ஒதோதோ’ தம்பி, ‘அனெ’ அக்கை, ‘இமோதோ’ தங்கை. தமிழிற்போல மூத்தோர்க்கும் இளையோர்க்கும் தனிச்சொற்கள் உள. மூத்தோரைப் பெயரால் விளியாது முறையால் விளித்தலும் அங்கு மரபு. ஆங்கிலத்திலோ அண்ணனை முறைப்பெயரால் அழைக்கும் வழக்கு இயல்பாக இல்லை. ஆதலின் அவ்விளி அடிவரியிற் பெயராகவோ செயற்கைத் தொடராகவோ மாறுகின்றது. ‘டீமன் ஸ்லேயர்’ கதைத் தலைவன் தஞ்சிரோ. தொடரின் ஓரிடத்திற் புண்பட்டுப் போரிடும் அவன், தான் தலைமகன் ஆதலின் இந்நோவைப் பொறுத்தான் என்றும், இரண்டாம் மகனாயின் பொறுத்திரான் என்றும் தன்னுட் கூறிக்கொள்கின்றான். ஆங்கிலத்தில் இது பிறப்பு வரிசை பற்றிய விந்தையான கூற்றாய் நிற்கும். தந்தையை இழந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாய்ப் பிறத்தலின் சுமை தமிழர்க்கு உரை வேண்டாதது. ‘மூத்த பிள்ளை’ என்னும் தொடரைக் கேட்ட அளவில் அத்தாய்க்கு விளங்குவது, அடிவரி படித்த முதுகலை மாணவர்க்கு விளங்காது போதல் கூடும்.

இரட்டைக்கிளவியும் இத்தகையதே. ஒளிர்தலைக் ‘கிராகிரா’ என்றும் நெஞ்சு துடித்தலைத் ‘தோகிதோகி’ என்றும் ஜப்பானியர் கூறுவர். பளபள, படபட என நாமும் கூறுகின்றோம். ஆங்கிலம் இவற்றைப் பெரும்பாலும் வெறும் வினைச்சொல்லாக்கிவிடும். வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பும், உயர்வு தாழ்வு உணர்த்தும் பேச்சு வேறுபாடும் இரு மொழிக்கும் பொதுவாவன. இவ்வொற்றுமையால் இரு மொழியும் ஓரினம் என நாம் கொள்ள வேண்டியதில்லை. பெயர்ப்புக்குத் தமிழ் மிக வாய்ப்புடையது என்பதே நாம் வேண்டும் முடிபு.

தமிழுக்கு இடர்ப்பாடு இல்லையோ எனின், உண்டு. ஜப்பானிய வினை பால் காட்டாது. தமிழ் வினையோ படர்க்கையிற் பால் காட்டும். ‘நருட்டோ’ தொடரில் ஹாக்கு என்னும் பாத்திரத்தை நருட்டோ பெண் எனக் கருதி, ஆண் எனப் பின்னர் அறிந்து வியக்கின்றான். அவ்வியப்புக்கு முன் பிறர் வாயில் ‘வந்தான்’ என ஒரு சொல் தவறி விழினும் மறை வெளிப்படும். ஈண்டுத் தொல்காப்பியர் துணை செய்கின்றார். பால் ஐயமுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக எனக் கிளவியாக்கம் நெறி வகுத்துள்ளது. ‘வந்தார்’ என்னுஞ் சொல் மறையையும் காக்கும், மரபையும் காக்கும். ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு ஜப்பானியத்தில் இல்லை. கேட்போனைத் தம்முட் சேர்த்துப் பேசுகின்றனரா, விலக்கிப் பேசுகின்றனரா என்பதைத் தமிழ் எழுதுவோர் ஒவ்வோரிடத்தும் துணிதல் வேண்டும். இது சுமையே, ஆயினும் மூலத்தை ஆழ்ந்து கற்கச் செய்யும் சுமை.

தமிழால் இயலாத இடமும் உண்டு. ‘கிமி நோ நா வா’ (2016) என்னும் படத்தில் ஆணுடலிற் புகுந்த பெண் தன்னைச் சுட்டும் சொல்லை மாற்றி மாற்றிக் கூறித் தடுமாறுகின்றாள். ‘வதாஷி’, ‘போகு’, ‘ஒரே’ என ஜப்பானியத்திற் பலவாய் உள்ளவை தமிழில் ‘நான்’ என்னும் ஒன்றே. இத்தகைய இடத்தில் மூலக்குரலே சிறக்கும்.

குரல்பெயர்ப்பின் குறைகளையும் மறைத்தலாகாது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்’ என்னும் அமெரிக்கச் சித்திரத்தொடரைத் தமிழ்க்குரலிற் கேட்டு வளர்ந்தோர் பலர். அக்குரல்களின் தமிழ் நகைச்சுவையை அவர்கள் இன்றும் நினைந்து மகிழ்வர். அது விரித்தல். நகைக்குரிய கதைக்கு அது பொருந்தும். அவலக் கதையில் உள்ளூர்த் திரைப்பட நையாண்டி புகின் மெய்ப்பாடு சிதையும். மேலும், ஆங்கில வடிவத்தை மூலமாகக் கொண்டு தமிழ் உரையாடல் எழுதப்படுமாயின், ஆங்கிலம் இழந்த முறைப்பெயரும் மதிப்புச்சொல்லும் தமிழுக்கு மீளா. இரு மொழியும் இயல்பாகப் பகிர்ந்துகொள்ளும் செல்வம் இடைவழியில் தொலையும்.

ஆகவே நாம் கொள்ளும் முடிபு இது. மூலக்குரலைக் கேட்க விழைவோர்க்குத் தமிழ் அடிவரி வேண்டும். அதனினும் மேலாக, ஜப்பானியத்திலிருந்து நேரே எழுதப்பட்ட தமிழ்க் குரல்பெயர்ப்பு வேண்டும். இரண்டிற்கும் இரு மொழியும் கற்றார் தேவை. அவரை உருவாக்குதல் குரற்பதிவுக் கூடங்களின் கடன் மட்டுமன்று. தமிழ்த் துறைகளின் கடனுமாம். கிளவியாக்கம் பயின்ற மாணவர், வடபழனியில் எழுதப்படும் உரையாடலுக்குத் தம் கல்வியால் ஆவது ஒன்றுமில்லை எனக் கருதுவாராயின், குறை அவருடையதன்று. அவர்க்கு அதனைக் கற்பித்த நம்முடையது. அண்ணனை அண்ணா என்றே விளிக்கும் ஒரு மொழியின் கதையைத் தாயும் தங்கையும் உடனிருக்கத் தமிழிற் கேட்ட மாணவர் நாணுதற்கு ஏதும் இல்லை என்பது நம் துணிபு.