முடிவுக்கோடு இல்லாத 86 மீட்டர்

2008 ஆகஸ்ட் 16. பெய்ஜிங்கில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.69 நொடியில் கடந்தார்; உலகமே அதைப் பார்த்தது. அந்தக் கோடையில் லண்டனிலும் ஓர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. நேரம் குறிக்க ஆளில்லாத, பதக்கமும் இல்லாத ஓட்டம். டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் டுவீன் அரங்கில், 30 நொடிக்கு ஒருவராக 86 மீட்டரை முழுவேகத்தில் ஓடிக் கடந்தார்கள்.

மார்ட்டின் கிரீட் வடிவமைத்த 'படைப்பு எண் 850' இது. வெற்று அறையில் விளக்கு 5 நொடி எரிவதையும் 5 நொடி அணைந்திருப்பதையுமே படைப்பாக வைத்து, 2001இல் டர்னர் பரிசு வென்றவர் அவர்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், இறந்தோரின் உடல்களைப் பாடம் செய்து வைத்திருக்கும் நிலவறைக் கல்லறைக்கு ஒருமுறை போயிருந்தார் கிரீட். மூடும் நேரம் நெருங்கிவிட, நண்பர்களோடு ஓடி ஓடியே அதைப் பார்த்து முடித்தார். கருத்து அங்கேதான் பிறந்தது. அசைவற்றிருப்பது சாவு என்றால், முடிந்தமட்டும் வேகமாக ஓடுவதே உயிரின் பெரிய அடையாளம் என்றார்.

தடகளக் கண்ணோடு பார்த்தால் இது எளிய ஓட்டமல்ல. குறுவிரைவு ஓட்டக்காரர் முதல் சில பத்து மீட்டரில் வேகம் கூட்டி, உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தளர்வார். 86 மீட்டரில் இந்த மூன்று கட்டமும் அடங்கிவிடும். ஆனால் இங்கே தனித்தடம் கிடையாது. குறுக்கே நடக்கும் பார்வையாளர் எந்தப் பக்கம் விலகுவார் என்று ஓடியபடியே கணித்தாக வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடுவதுபோல் ஓடச் சொல்லியிருந்ததால் வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு, இசையில் வரும் மௌனம்போல ஓர் இடைவெளி. அடுத்த காலடி எப்போது கேட்கும் என்று காது காத்திருக்கும்.

அந்த அரங்கு 1937இல் சிற்பங்களுக்கென்றே திறக்கப்பட்டது. கலைக்கூடத்தில் சிற்பம் அசையாது, மனிதர்கள் மெதுவாகச் சுற்றி வருவார்கள். குழந்தைகளுக்குச் சொல்லும் முதல் கட்டளையே "ஓடாதே" என்பதுதான். கிரீட் சிற்பங்கள் இல்லாமல் இடத்தை வெறுமையாக விட்டு, அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார்.

இதெல்லாம் கலையா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. கலைதான். தொலைக்காட்சிக் கேமரா ஓட்டக்காரரோடு சேர்ந்தே நகர்வதால் போல்ட்டின் வேகம்கூட நமக்குப் பாதிதான் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் மூச்சிரைக்க ஓர் உடல் காற்றைக் கிழித்துப் போகும்போது, வேகம் என்பது எண் அல்ல என்று புரிகிறது. ஜூலை 1 முதல் நவம்பர் 16 வரை, சீட்டு வாங்காமலே எவரும் அதை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க முடிந்தது.