மோட்சத்துக்கு நாங்க ஏணியா? ‘கருக்கு’, ‘சிலுவைராஜ் சரித்திரம்’ – இரண்டையும் முன்வைத்து

எங்க தெருவில பாதிப் பேருக்கு ரெண்டு பேர் உண்டு. கோயில் பதிவேட்டில ஒண்ணு, பள்ளிக்கூட ரிஜிஸ்தர்ல ஒண்ணு. ஞானஸ்நானத்தில் அந்தோணியம்மா, டி.சி.யில் அன்னலட்சுமி. ராஜபாளையத்து மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போன எங்க அப்பா தலைமுறைக்கு இதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மழைக்கு முன்னால கூரைக்கு ஓலை மாத்துற மாதிரி ஒரு காரியம். என்னுடைய பெயர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் கேட்பார்: “மோட்சத்துக்குப் போக என்ன வேணும்?” நாங்கள் கத்துவோம்: “விசுவாசமும் நற்கிரியையும்!” அடுத்த தெரு சி.எஸ்.ஐ. பிள்ளைகள், விசுவாசம் மட்டும் போதும்னு சண்டைக்கு வருவார்கள். களையெடுத்துட்டு வந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் எங்க அப்பத்தா இதைக் கேட்டுட்டு ஒருநாள் சொன்னது: “மோட்சம் கெடக்கட்டும். அங்கன போனா நம்மள எங்க உக்காரச் சொல்லுவாகன்னு கேட்டியா?”

எம்.ஏ. தமிழ் படித்து, கொஞ்சம் இறையியலும் புரட்டிய பிறகும் இதைவிடச் சரியான கேள்வியை நான் கண்டதில்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இரண்டு புத்தகங்களை வாசிக்கிறேன். ஒன்று பாமாவின் ‘கருக்கு’ (1992). மற்றொன்று ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). இருவரும் உடன்பிறந்தவர்கள். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி என்ற ஒரே ஊரில், ஒரே தெருவில் பிறந்த புத்தகங்கள் இவை. ஒரே கத்தோலிக்கக் கோவில் மணிச் சத்தம் இரண்டிலும் கேட்கிறது. ஆனால் இரண்டும் அந்தக் கோவிலிலிருந்து இரண்டு வாசல் வழியாக வெளியேறுகின்றன.

‘கருக்கு’ வந்த காலத்தில் இதென்ன இலக்கியமா, வெறும் வாக்குமூலமா என்று கேட்டவர்கள் உண்டு. பேச்சு மொழியைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. இன்று நாம் கேட்க வேண்டியது வேறு. எதற்காக அந்தப் பெண் மடத்துக்குள் போனாள்? எதற்காக வெளியே வந்தாள்? பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு, தலித் பிள்ளைகளுக்கு உழைக்கணும் என்றுதான் துறவியாகிறாள். அதாவது கிரியைக்காகப் போகிறாள். மடமோ அவளைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். கேள்வி கேட்டால் கீழ்ப்படிதலைக் காட்டுகிறார்கள். ஏழு வருஷத்தில் வெளியே வந்துவிடுகிறாள்.

மடத்தில் கிரியையே இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் உண்டு, விடுதி உண்டு, மருந்து உண்டு. எங்களில் பலர் அங்கே படித்துத்தான் ஆளானோம். ஆனால் அந்தக் கிரியையின் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் எப்போதும் அவர்கள், நாம் செயப்படுபொருள். கொடுக்கிற கைக்குப் புண்ணியம் சேருகிறது. வாங்குகிற கை வாங்கிக்கொண்டே இருக்கணும். ஏழை இல்லாமல் போனால் அவர்களுடைய நற்கிரியைக்கு இடமே இல்லை. அவர்கள் மோட்சத்துக்கு ஏறுகிற ஏணியாக நாங்க எத்தனை காலம் குனிஞ்சு நிக்கிறது? ‘கருக்கு’வில் வரும் பாட்டி நாயக்கர் வீட்டில் மிச்சச் சோற்றை வாங்கி வருவதும், விடுதிப் பிள்ளை தட்டை நீட்டிக்கொண்டு நிற்பதும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்க வேண்டிய காட்சிகள். தர்மமும் தீண்டாமையும் ஒரே கையால் நடக்க முடியும் என்பதே இந்தப் பிரதி நமக்குக் காட்டுவது.

அப்படியானால் விசுவாசம் மட்டும் போதும் என்பவர்கள் பக்கம் போய்விடலாமா? அங்கேயும் நமக்குத் திண்ணைதான் மிச்சம். 1517இல் லூத்தர் தொடங்கிய கலகம் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிரானது. காசு கொடுத்து மோட்சம் வாங்க முடியாது என்றது பெரிய விடுதலை. ஆனால் அதே லூத்தர் பெயரைச் சொல்லித் தமிழகத்துக்கு வந்த லைப்சிக் மிஷன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் என்ன செய்தது? சாதி சமூக வழக்கம், அது இரட்சிப்பைத் தொடாது என்று விட்டுக்கொடுத்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதியை விட்டொழிக்கச் சொன்னபோது சாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். விசுவாசம் உள்ளத்துக்கு, சாதி உடம்புக்கு என்று பங்கு பிரித்துவிட்டால் எல்லாருக்கும் வசதிதான். கத்தோலிக்கர்களும் சளைத்தவர்கள் அல்ல. வடக்கன்குளம் கோவிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து வைத்திருந்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. அந்தச் சண்டையில் நம்மவர் ஒரு கட்சியாகக்கூட இல்லை.

இந்த இடத்தில் வேதத்தையே திருப்பி வாசிக்க வேண்டியிருக்கிறது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. அதை அவர் எங்கே சொல்கிறார்? இரண்டாம் அதிகாரத்தில். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? சபைக்கு மோதிரம் போட்ட ஒருவன் வருகிறான், கந்தைத் துணியோடு ஒரு ஏழையும் வருகிறான். அவனுக்கு நல்ல இடம், இவனை நில் என்கிறார்கள், இல்லாவிட்டால் காலடியில் உட்காரச் சொல்கிறார்கள். எங்க அப்பத்தா கேட்ட அதே கேள்வி! நாங்க மனப்பாடம் பண்ணியது அதிகாரத்தின் பின்பாதியைத்தான். முன்பாதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பவுலோ? கிரியையால் அல்ல, விசுவாசத்தால்தான் மனிதன் நீதிமானாகிறான் என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். எந்தச் சண்டையில்? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்து ஒதுங்குகிறார். அவரை முகத்துக்கு நேரே கண்டிக்கும்போதுதான் இந்தப் பேச்சு வருகிறது. பவுல் அங்கே மறுக்கிற ‘கிரியை’ கஞ்சித்தொட்டி திறப்பது அல்ல. விருத்தசேதனம், தீட்டு, யாரோடு உண்ணலாம் யாரோடு உண்ணக்கூடாது என்கிற ஆசாரம்.

ஆக, ஒருவருக்கு உட்காரும் இடம் பிரச்சினை, மற்றவருக்குச் சாப்பிடும் பந்தி பிரச்சினை. ஐந்நூறு வருஷமாக எதிரெதிரே நிறுத்தி மோதவிடப்பட்ட இருவரும் நம் தெருவில் நின்று பார்த்தால் ஒரே ஆளைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள். லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். வைக்கோலின் அருமையை எங்க ஆட்களிடம் கேட்டிருக்கலாம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டுச் சமாதானமானார்கள். நல்லது. அந்தச் சமாதானம் நம்ம ஊர்க் கல்லறைக்கு நடுவே நிற்கிற சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கவில்லை.

மதம் மாறிய தீண்டப்படாதோர் நிலை பற்றி அம்பேத்கர் எழுதியது இங்கே பொருந்தும். உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன் பாவம் என்று கற்றுக்கொடுத்துவிட்டால், தன்னைச் சுற்றியிருக்கிற அமைப்பை எதிர்க்கிற வேகம் அவனுக்கு எங்கிருந்து வரும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் முழந்தாளிட்டுச் சொன்ன பாவங்களில் சாதி ஒருநாளும் இருந்ததில்லை. அதைச் செய்தவர்கள் சொன்னார்களா என்பது அவர்களுக்கும் சாமியாருக்கும் வெளிச்சம்.

இனி இரண்டாவது புத்தகம். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ அழுகையை ஒதுக்கிவைத்துச் சிரிக்கிற நாவல். அந்தச் சிரிப்பு தன்னையும் விடுவதில்லை. படித்தும் வேலையில்லாமல் அலைகிற சிலுவை, கடைசியில் வேலைக்காக இந்துவாகிறான். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லுபவர்கள் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைப் படிக்கணும். இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டோர் அல்ல என்றது அது. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றச் செருப்புத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆதாரம் கேட்டார்கள். ஏழு வருஷம் கழித்து ‘கருக்கு’ வந்தது. வெறும் வாக்குமூலம் என்று ஏளனம் செய்தவர்களுக்கு இதுவே பதில்: ஆமாம், வாக்குமூலம்தான். கேட்ட இடத்தில் கொடுக்கப்படாத சாட்சியம்.

விசுவாசத்தால் நீதி என்றார் பவுல். நமக்கு விசுவாசத்தால் தண்டனை. ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தார். அதே மாதத்தில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஞானஸ்நானம் பெற்று, கோவிலுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி. சிலுவையின் நாவல் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டது! எங்க ஊர்ச் சாதிச் சான்றிதழில் அச்சடித்திருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் என்று எங்க பக்கத்தில் எல்லாரும் சொல்லுவார்கள். அந்தக் கோபுரத்தடியில் இரண்டாவது பேரை எழுதிக் கொடுக்கிற அப்பன்மார் யாரும் விசுவாசத்தை விற்கவில்லை. பிள்ளைக்குச் சோறு தேடுகிறார்கள். இது கிரியை இல்லையா?

இரண்டு புத்தகத்திடமும் எனக்கு மனக்குறை உண்டு. சிலுவை தப்பிக்கிறான், தெரு தப்பிக்கவில்லை. அவன் சிரிப்பு கூர்மையானது, ஆனால் தனி ஆளின் சிரிப்பு. ‘கருக்கு’ மடத்தைத் தோலுரிக்கிறது, சாமியை விட்டுவிடுகிறது. ஏழைகளின் பக்கம் நிற்கிற இயேசு என்ற நம்பிக்கையை அவள் கைவிடவில்லை. ஒருகாலத்தில் இதை நான் பலவீனம் என்றுதான் வாதாடினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாமியைக் கைவிடாததால்தான் மடத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்கு வாய் வந்தது.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டது விசுவாச அறிக்கை. கிரியையை எண்ணிப் பார்க்க நமக்குத் தெரியும்: எத்தனை கல்லறைச் சுவர் இடிந்தது? எத்தனை தேர் எங்க தெருவுக்குள்ளே வந்தது? எத்தனை பள்ளிக்கூடத்தில் எங்க பிள்ளைக்கு வாத்தியார் வேலை கிடைத்தது?

அப்பத்தாவைப் புதைத்த அன்று சாமியார் அழகாகப் பேசினார். அது விசுவாசத்தால் மோட்சம் சேர்ந்துவிட்டது என்றார். அப்புறம் வழக்கமான சுற்றுப் பாதையில், சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

மோட்சத்தில் எங்கே உட்காரச் சொன்னார்கள் என்று அது இன்னும் சொல்லியனுப்பவில்லை.