பட்டியலில் இல்லாத அடி

ஒரு கிராமிய இசை விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். எந்த ஊர் விழாவாக இருந்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே சிறப்பு விருந்தினர்கள். அதற்குக் கீழே இரவு நிகழ்ச்சி: பாடகரின் பெயர், புகைப்படம், சினிமாவில் பாடியிருந்தால் அந்தப் பாட்டின் பெயர். பிறகு பறையாட்டம், ஒயிலாட்டம், கரகம் என்று வரிசையாக வரும். அங்கே ஆட்களுக்குப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயரும் 'குழுவினர்' என்ற சொல்லும் போதும். எல்லாம் முடிந்து கடைசி வரியில், சின்ன எழுத்தில், 'காலை 10 மணிக்குப் பறைப் பயிற்சிப் பட்டறை'. யார் நடத்துகிறார் என்று பெரும்பாலும் போட்டிருக்காது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது. கடந்த சில வருடங்களில் மதுரை, திருவண்ணாமலைப் பக்கங்களில் நடந்த நான்கைந்து விழாக்களுக்குப் போயிருக்கிறேன். இரவு மேடையைப் பார்க்கத்தான் போனேன். ஊர் திரும்பிய பிறகு மனதில் நின்றவை காலை வகுப்புகள். மேடையில் ஒரு கலைஞர் தனக்கு என்ன வரும் என்று காட்டுகிறார். வகுப்பில், தனக்கு வந்ததில் எது அடுத்தவர் கைக்குப் போகலாம், எது தன்னோடு நின்றுவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறார். அது விமர்சகரின் வேலை. அந்த விழாவில் இசையைப் பற்றி நடக்கும் ஒரே தீவிரமான விமர்சனம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நடக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

ஏனென்றால் வேறெங்கும் அது நடப்பதில்லை. மார்கழிக் கச்சேரிக்கு விமர்சனம் உண்டு: நிரவல் நீண்டுவிட்டது, மிருதங்கம் அடக்கி வாசித்திருக்கலாம், மைக் சரியில்லை. கிராமிய விழாவுக்குக் கிடைப்பது 'பறை முழக்கத்தில் ஊரே அதிர்ந்தது' என்ற செய்தி. அவ்வளவுதான். மூன்றாவதாக நின்றவர் ஓரிடத்தில் பிந்தினார் என்று யாரும் எழுதுவதில்லை. பாவம், எளிய கலைஞர்கள், அவர்களைப் போய்க் குறை சொல்வதா என்ற நல்லெண்ணம் போல இது தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் காது கொடுத்துப் பிரித்தறிய ஒன்றுமில்லை, அதிர்ந்தால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதனால் முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்க்கலாம்.

*

திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு நாள் விழா. முதல் நாள் இரவு ஏறிய பறைக்குழுவில் பன்னிரண்டு இளைஞர்கள். சீருடை, தலைப்பாகை, இடுப்பில் சிவப்புத் துண்டு. ஆட்டம் கச்சிதம், வட்டம் வரிசையாகும், வரிசை இரண்டாகப் பிரியும், யார் காலும் தவறவில்லை. ஆனால் இசை? பன்னிரண்டு பறையும் பெரும்பாலான நேரம் ஒரே அடியைத்தான் அடித்தன. முதல் மூன்று நிமிடத்திலேயே உச்ச வேகத்துக்குப் போய்விட்டார்கள். அதற்கு மேல் போக இடமில்லை. மீதிப் பன்னிரண்டு நிமிடமும் அதே இடத்தில் நின்று கத்த வேண்டியிருந்தது. கூட்டம் கைதட்டியது வேகத்துக்கும், கடைசியில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றதற்கும்.

இதை அந்த இளைஞர்களின் குறை என்று சொல்ல மாட்டேன். பதினைந்து நிமிடத் துண்டு அப்படித்தான் கேட்கும். 2007இல் சென்னை சங்கமம் வந்த பிறகு கிராமியக் கலைகளுக்கு நகரத்தில் புதிய கூட்டம் கிடைத்தது; 2023இல் அது 'நம்ம ஊரு திருவிழா'வாகத் திரும்பியபோதும் அந்தக் கூட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் நடந்துபோகிறவரை நிறுத்திப் பார்க்க வைக்க வேண்டிய இடத்தில் நுணுக்கத்துக்கு வேலையில்லை. பூங்காவுக்காகச் செதுக்கிய அந்த வடிவம் இப்போது கிராமத்து மேடைக்கே திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் இரவு வந்தது ஆறு பேர் கொண்ட குழு. மூன்று பறை, ஒரு சட்டி, ஒரு டோல், ஒரு தவுல். சீருடை இல்லை. ஆளுக்கொரு வேலை இருந்தது. ஒரு பறை அடிப்படையைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது. சட்டி அடித்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் அடித்ததைவிட அடிக்காமல் விட்டதுதான் அதிகம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஓர் இடத்தைக் காலியாக விடுவார். அந்த இடத்துக்குள் பறையின் ஓரத்து ஒலி தனியாகக் கேட்கும். குறையும் இருந்தது. நடுவே வேகம் கூட்டியபோது டோல் ஒரு சுற்று பிந்திப்போனது, அதைச் சரிசெய்ய எல்லோரும் சத்தத்தைக் கூட்டினார்கள், சட்டி விட்ட இடங்கள் மூடிப்போயின. ஆனாலும் அந்த இருபது நிமிடத்தில் நான் ஒரு குழுவைக் கேட்டேன். முந்தைய இரவு கேட்டது பன்னிரண்டு மடங்கு பெருக்கிய ஒரே ஆளை.

*

அந்தச் சட்டிக்காரர்தான் அன்று காலைப் பட்டறையை நடத்தியவர். அழைப்பிதழில் பெயர் இல்லை. எல்லோரும் ஆசான் என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

வந்திருந்தவர்கள் நாற்பது பேர் இருப்போம். கல்லூரி மாணவர்கள், இரண்டு ஆசிரியைகள், என்னைப்போல ஐடி ஆட்கள் சிலர். பறைகள் பதினைந்துதான். பாதி தோல், பாதி ஃபைபர். பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை வளைத்து இரும்புப் பட்டையால் இணைத்தது, அதன்மேல் மாட்டுத்தோல். தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். ஃபைபருக்கு நெருப்பு வேண்டாம், மழையும் ஒன்றும் செய்யாது; ஆனால் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒலியில் வித்தியாசம் குறைவு. ஆசான் இதையெல்லாம் விளக்கவில்லை. இரண்டையும் அடித்துக் காட்டிவிட்டு, "கேட்டுச்சா?" என்றார்.

இடது கையில் நீளமான மூங்கில் குச்சி, வலது கையில் தடித்த குட்டைக் குச்சி. பிடிக்கக் கற்றுக்கொண்டதும் ஒரு மாணவர் கேட்டார்: "ஆசான், சாவுக்கு அடிப்பாங்களே, அது சொல்லித்தாங்க. அதுதான் செம்மயா இருக்கும்."

ஆசான் சிரித்தார். "அது வேணாம் தம்பி. அது எங்கப்பாவோட போச்சு." அடுத்ததுக்குப் போய்விட்டார்.

அந்த அடி ஏன் பட்டியலில் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான கேள்வி. பறைக்கு எத்தனையோ அடிகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்: சப்பறத்து அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி. சினிமா அடி என்றுகூட ஒன்று உண்டு. ஆனால் ஊர் பொதுவாக அந்தக் கருவியைக் கூப்பிட்டு அனுப்பியது சாவுக்கு. அடித்தவர்கள் விரும்பி அடிக்கவில்லை. சாதி விதித்த வேலை அது. கூலி என்று கொடுத்தது நெல்லோ சாராயமோ. வர மறுத்தால் அடி உதை. அதனால்தான் பறையடிக்க மாட்டோம் என்று மறுப்பதே தலித் அரசியலின் ஒரு பெரிய செயலாக இருந்தது. அதற்குப் பிறகு, குறிப்பாக 1990களில், அதே கருவியை விடுதலையின் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. சாவு வீட்டில் ஆண்கள் மட்டுமே அடித்துவந்த கருவி அது.

இப்போது இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது. பறை ஆதித்தமிழரின் இசை, தொல்காப்பியம் கருப்பொருளில் வைத்த கருவி, நம் எல்லோருடைய பாரம்பரியம். கருப்பொருளில் பறை இருப்பது உண்மைதான். ஆனால் 'நம் எல்லோருடைய' என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். பெருமை எல்லோருக்கும், வேலை மட்டும் சிலருக்கு என்றுதானே இத்தனை காலம் இருந்தது? நான் பறையடித்த குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. சாவு அடியைச் 'செம்மயா' என்று சொல்ல அந்த மாணவருக்கும் எனக்கும் ஒரே ஒரு தகுதிதான்: அதற்காக எங்களை யாரும் கூப்பிட்டு அனுப்பியதில்லை.

அதனால், அசல் மரபு போச்சே என்று புலம்பும் விமர்சனத்தில் எனக்கு உடன்பாடில்லை. பறட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அரசரடியில் இசை கற்பித்தவர். நாட்டுப்புற இசையின் பலமே அதைப் பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது என்று வாதிட்டவர் அவர். அப்படியானால் ஆசான் ஓர் அடியை விட்டதும் அந்த உரிமைக்குள் வருவதுதான். அவர் மறக்கவில்லை, தெரிந்தே எடுத்துவிட்டார்.

*

ஆனால் இசைக்காரனாகக் கேட்டால் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. சாவு அடி வெறும் ஓர் அடி இல்லை. இறந்த வீட்டு வாசலில் அடிப்பது வேறு. வெளியூர் உறவுகள் வந்து இறங்கும்போது அடிப்பது வேறு. பாடை எழும்போது, தெருவில் போகும்போது வேறு. எண்ணி அடித்தால் அது வராது. ஒப்பாரி எங்கே ஏறுகிறது, தூக்குகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். பறைக்காரரின் காது அங்கேதான் தயாரானது. அந்த வேலை வேண்டாம் என்று விட்டால், அந்தக் காதையும் சேர்த்து விட்டுவிடுகிறோமா?

மதுரைப் பக்கத்தில் வேறொரு விழாவில் நான் பார்த்த பட்டறையில் இதற்கு நேரெதிரான வழி. நடத்திய இளைஞர் நல்ல ஆட்டக்காரர். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு அடி. சாவு அடியும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணாகப் பிரித்து, பலகையில் எழுதி, முடிவில் வாட்ஸப்பில் அனுப்பினார். வந்தவர்களுக்கு ஏக திருப்தி. எல்லோரும் ரீல்ஸ் எடுத்தார்கள். பட்டியலாகப் பார்த்தால் அது முழுமையான வகுப்பு.

எம்பி3 கோப்பு எப்படிச் சின்னதாகிறது என்று பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியும். மனிதக் காது கவனிக்காது என்று கணித்த ஒலிகளைத் தூக்கிவிடும். கேள்வி, யாருடைய காது என்பது. ஏழு அடி வகுப்பு சுருக்கியது வார இறுதி மாணவரின் காதுக்காக. அந்தக் காது எண்ணத்தான் கேட்கும், அதனால் எண்ணை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிட்டார். சாவு அடியை வைத்துக்கொண்டார். அதை அடிக்கத் தேவையான கவனிப்பைத் தொலைத்துவிட்டார்.

ஆசான் செய்தது தலைகீழ். முக்கால் மணி நேரம் ஒரே ஓர் அடி. அது ஓரளவு கைக்கு வந்ததும், ஓர் ஆசிரியையைக் கூப்பிட்டு மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கச் சொன்னார். "உங்க இஷ்டத்துக்கு நடங்கம்மா. நில்லுங்க, திரும்புங்க, மெதுவாப் போங்க." எங்களிடம், "கையப் பாக்காத. அந்தம்மா கால மட்டும் பாத்து அடி." அவர் வேகமாக நடந்தால் அடியும் வேகமாக வேண்டும்; நின்றால் நிற்க வேண்டும். பதினைந்து பறையும் கண்டபடி சிதறின. நான்காவது நடையில் ஒரு கணம் எல்லாம் சேர்ந்தன. அவர் திரும்பினார், அடியும் அவரோடு திரும்பியது. பிறகு மறுபடியும் சிதறியது.

பாடைக்குப் பின்னால் நடந்து கற்ற வித்தையைப் பாடை இல்லாமல் கொடுக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிமைத்தனத்தோடு வந்த அடியை வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த கவனிப்பை மட்டும் கைமாற்றுகிறார். அவர் இதை இப்படிச் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அன்று இரவு சட்டியில் அவர் விட்ட அந்தக் காலி இடங்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குப் புரிந்தது.

*

ஆசானின் வகுப்பும் குறையில்லாதது இல்லை. பறை செய்கிறவர் யாரும் அங்கே இல்லை. தோல் எங்கிருந்து வருகிறது, யார் பதப்படுத்துகிறார்கள் என்ற பேச்சே எழவில்லை. தீண்டாமை அந்தக் கருவியில் ஒட்டிக்கொண்டதில் தோலுக்கும் பங்கு உண்டு. ஃபைபர் பறை அந்தப் பேச்சை இன்னும் சுலபமாகத் தவிர்க்க வைக்கிறது. பதினைந்து பறைக்கு நாற்பது பேர் என்பதால் பாதிப்பேர் வேடிக்கைதான் பார்த்தார்கள். இவற்றில் சில ஆசான் தீர்க்கக்கூடியவை, சில விழாக்குழு தீர்க்க வேண்டியவை.

விழாக்குழுவுக்கு என் கோரிக்கை பெரியதில்லை. பட்டறை முடிந்ததும் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் விழாத் தலைவர் கையெழுத்து இருந்தது, செயலாளர் கையெழுத்து இருந்தது. கற்றுக்கொடுத்தவர் கையெழுத்து இல்லை. 2025இல் மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கற்பித்தலையே வாழ்க்கையாகக் கொண்டவர் ஒருவருக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. அன்றைக்கு என் டைம்லைன் முழுக்க வாழ்த்து. டெல்லி பெயர் சொல்லி அழைக்கிறது. உள்ளூர் அழைப்பிதழ் இன்னும் 'குழுவினர்' என்கிறது.

வாசகர்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த விழாவுக்குப் போனால் காலையிலேயே போங்கள். எந்த அடியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள், விட்டதற்குப் பதில் என்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு இரவு மேடையைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அதிர்ந்தது என்று எழுத வேண்டாம். சட்டி எங்கே இடம் விட்டது, டோல் எங்கே பிந்தியது, அடித்தவர் பெயர் என்ன என்று எழுதுங்கள்.