கழுத்திலிருந்து பின்சில்லுவரை

இந்த மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஹாண்டில் பொருந்தும் கழுத்தில் ஒரு கோடு தொடங்குகிறது. பெற்றோல் தாங்கியின் அடியால் இறங்கி, சீற்றின் கீழால் நழுவி, பின்சில்லின் அச்சில் போய் முடிகிறது. மற்ற வண்டிகளில் அந்தக் கோடு பாதி வழியில் நின்றுவிடும். அங்கிருந்து மேலும் கீழும் ஆடும் ஒரு கையும், அதைத் தாங்கும் இரண்டு ஷொக்கும் வந்து கண்ணைத் திருப்பிவிடும். இதில் பின்ஷொக் கிடையாது. கழுத்தும் பின்சில்லும் ஒரே இரும்பு.

வேலணைத் தீவின் தென்கரையில், சாட்டியில், வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் என் பெறாமகன் இதைக் கட்டினான். ஹார்ட்ரெயில் என்று உலகம் அழைக்கும் வகை இது. ஒரு காலத்தில் எல்லா மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் இருந்தன. ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிக்குப் பின்ஷொக் வந்ததே 1958ஆம் ஆண்டு மாதிரியில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்க இளைஞர்கள், பாரமான மட்காட்டையும் தேவையற்ற தகரங்களையும் கழற்றி எறிந்துவிட்டு இந்தச் சட்டத்தின் அழகை வெளியே எடுத்தார்கள். கையில் காசில்லாதவர்களின் கலையாகத்தான் அது அங்கும் தொடங்கியது.

இங்கே அதற்கு வேறொரு வேரும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் அவை. எந்தப் பாகமும் கடையில் வாங்கக் கிடைக்காது என்ற நிலையில் படித்த படிப்பு அது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய மோட்டார் சைக்கிளின் விலை ஏறிய ஏற்றத்தில், எஞ்சின் மட்டும் நல்லாக இருந்த ஒரு பழைய பஜாஜ் இவனுக்குப் புதையலாகப் பட்டது.

வேலையின் முதல் நயம் வெட்டுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. பின்ஷொக் உள்ள வண்டி ஆளில்லாமல் நிற்கும்போது ஓர் உயரம், ஆள் ஏறி இருந்தால் இன்னோர் உயரம். நிற்கும் உயரத்தை அளந்து சட்டத்தை ஒட்டிவிட்டால் பின்பக்கம் தூக்கி நிற்கும், முன்ஃபோர்க் செங்குத்தாகும், ஹாண்டில் பதறும். மிகவும் தாழ்த்திவிட்டாலோ திருப்புவதற்குத் தோள் நோகும். இவன் வண்டியில் ஏறி இருந்தான். ஷொக் அமுங்கியது. "பெரியப்பா, நிமித்திப் பிடியுங்கோ, நான் கால் ஊண்டக்கூடாது," என்றான். அவனுடைய தங்கச்சி ரேப்பைப் பிடித்து அச்சின் உயரத்தைச் சட்டத்தில் சோக்கால் குறித்தாள். அந்தக் குறியில்தான் இன்றைக்குப் பின்சில்லு நிற்கிறது. அவனுடைய உடம்பின் பாரம் அந்த இரும்பின் அளவாகிவிட்டது. கடையில் வாங்கும் எந்த வண்டிக்கும் இந்தப் பொருத்தம் வராது.

இரண்டு பனஞ்சிலாகையை நிலத்தில் கிடத்தி, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன்மேல் சட்டத்தை இறுக்கினான். நேர் பார்க்கத் தங்கூசி. மீனுக்குப் போடும் அதே நைலோன் நூலைப் பின்சில்லின் இரு பக்கமும் ஒட்டி முன்சில்லுவரை இழுத்துக் கட்டினான். முன்சில்லின் இடமும் வலமும் நூலுக்கும் ரயருக்கும் இடையில் விடும் இடைவெளி ஒத்திருக்க வேண்டும். மெல்லிய நூல், காற்றில் அதிரும். சோளகம் வீசும் நாட்களில் வேலையை நிறுத்திவிட்டு, காற்று விழும் விடியற்காலையில் எழும்பி அளப்பான்.

குழாய் விஷயத்தில் அவன் காட்டிய பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கிணற்றடியில் பழைய தண்ணீர்க் குழாய் கிடந்தது, அளவும் கிட்டத்தட்ட ஒத்தது, காசும் இல்லை. அவன் தொடவில்லை. அது பாரத்துக்குச் செய்த குழாய் அல்ல. மேலே பூசிய நாகம் வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாக எழும்பும், ஒட்டும் கெடும். மலிவாகச் செய்பவன் எங்கே மலிவு பார்க்கக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கைத்திறனின் பாதி என்பேன். தையலில்லாத உருக்குக் குழாய்க்கு மட்டும் அவன் முழு விலை கொடுத்தான்.

பழைய சட்டமும் புதிய குழாயும் சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முனையோடு முனை வைத்து ஒட்டிய மூட்டல்ல அது. உள்ளே இரண்டு பக்கமும் இறுக்கமாக நுழையும் ஒரு துண்டைக் கடைச்சல் பட்டறையில் கடைந்தெடுத்துச் செருகியிருக்கிறான். வெளிக்குழாயில் சிறு வட்டத் துளைகள் போட்டு, அவற்றினூடாகவும் உள்துண்டோடு ஒட்டு விழுந்திருக்கிறது. குறுக்குக் குழாயின் வாயை அரத்தால் அராவி, மற்றக் குழாயின் உருட்டில் ஒளி புகாமல் உட்காரும் வளைவாக்கியிருந்தான். ஒட்டுவதற்கு முன் அந்த வாயை வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினான். ஒரு கீற்றும் தெரியவில்லை.

ஒட்டியது அவன் அல்ல; வேலணையில் கேற் அடிக்கும் அண்ணை ஒருவர். "தம்பி, ஒரே பக்கத்தால இழுத்துக்கொண்டு போனா குழாய் வளைஞ்சிடும். இஞ்ச ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு. பிறகு ஆறவிடு," என்றார். நாலு பொட்டு வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். நூலைத் திரும்பப் பிடித்துப் பார்த்தார்கள். பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனார். ஒட்டு விழுந்த தழும்பைக் கிரைண்டரால் தேய்த்து மறைக்க வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். தேய்த்தால் வலு குறையும். இப்போது அந்தச் சிற்றலைகள் வர்ணத்தின் கீழும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

எனக்கு மிகப் பிடித்தது ஒரு துளை. பின்குழாய் ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கத்திலும் தீக்குச்சி நுழையும் அளவில் ஒன்று இருக்கிறது. இரு முனையும் மூடிய குழாயை ஒட்டும்போது உள்ளே சூடேறும் காற்றுக்கு வழி வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஒட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஒட்டி முடிந்து ஆறியபின் அதே துளையால் எண்ணெய் விட்டு, சட்டத்தைச் சாய்த்து உருட்டி உட்புறம் முழுக்கப் பூசி, மிச்சத்தை வடித்துவிட்டு ஒரு சிறு திருகாணியால் அடைத்தான். உப்புக்காற்றில் இரும்பு வெளியில் துருப்பிடிப்பதைக் கண் காணும், உள்ளே துருப்பிடிப்பதைக் காணாது. தீவில் வளர்ந்த பிள்ளைக்கு அது சொல்லித்தரத் தேவையில்லை.

செயினில் இன்னொரு நுட்பம். பின்சில்லு ஆடும் வண்டியில் பள்ளத்துக்குப் பள்ளம் செயின் இறுகியும் தளர்ந்தும் போகும். அதற்காகவே தளர்வு விட வேண்டும். இங்கே இரண்டு பற்சில்லுக்கும் இடைத்தூரம் மாறுவதே இல்லை. குறைந்த தளர்வோடு செயின் ஒரே சுருதியில் ஓடுகிறது. அச்சுப் பொருந்தும் இரு தகடுகளும் பழைய லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கழன்ற இரும்பு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, ஒரே அரத்தால் ஒரே முறையில் அராவியதால் இடமும் வலமும் மயிரிழை மாறவில்லை.

தாங்கி, சைலன்சர், விளக்கு எல்லாம் பழையதே. நிறம், வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம். நன்றாகத்தான் இருக்கிறது.

சீற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்ஷொக் போனபிறகு குலுக்கத்தை வாங்கிக்கொள்ள எஞ்சியிருப்பவை ரயரின் காற்றும், ஓடுபவரின் முழங்காலும், சீற்றும்தான். எங்கள் ஐயாவின் றலி சைக்கிள் வீட்டின் பின்பக்கம் கிடந்தது. தோல் உரிந்து போயிருந்தாலும் சீற்றின் அடியில் இருந்த இரண்டு சுருள்வில்லும் உறுதியாக இருந்தன. ஐயா அதில் இருந்துதான் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்வந்தார். ஓர் ஆளின் பாரம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஒன்றுதானே! துருவைச் சுரண்டி, எண்ணெயில் ஊறவைத்து, புதுத் தகட்டுக்கும் தோலுக்கும் அடியில் அவற்றைப் பூட்டினான். முன்னால் ஒரு கீல், பின்னால் அந்த இரண்டு வில். ஒழுங்கையின் பள்ளத்தில் சில்லு விழும்போது சத்தமில்லாமல் அமுங்கி எழும்புகின்றன.

ஓடி முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரால் கழுவுகிறான். சாட்டியின் நிலத்தடி நீர் தீவுப்பகுதிக்கே பேர்போன நல்ல தண்ணீர். வேறு தீவிலென்றால் உவர்நீரால் கழுவித் துருவை அழைத்த கதையாகியிருக்கும்.

கழுத்தில் பொறித்த சேசிஸ் இலக்கத்தை அவன் தொடவே இல்லை. சட்டத்தை மாற்றிய வண்டி தெருவில் ஓட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். அது கைக்கு வரும்வரை காணிக்குள்ளும் எங்கள் பனங்காணியின் மணல் ஒழுங்கையிலும் மட்டுமே ஓட்டுகிறான். கட்ட நினைக்கும் பிள்ளைகள் வெட்டுவதற்கு முன்னரே திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுவேலையைத் தெரிந்த கையிடம் கொடுங்கள். வீட்டுப் பின்பக்கத்தில் பழைய சைக்கிள் கிடந்தால், இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும் முன் சீற்றைக் கழற்றி எடுத்து வையுங்கள்.