மேடு ஏறும் டூட்டூ

மே மாதத்து மூன்றாம் ஞாயிறு காலையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹோவர்ட் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. விரிகுடாக் கரையருகே கிளம்பி, ஊரைக் குறுக்காகக் கடந்து, பசிபிக் அலைகள் உடைகிற கரையில் முடியும் 12 கிலோமீட்டர் ஓட்டம் அது. பெயர் 'பே டு பிரேக்கர்ஸ்'. 1906 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன ஊருக்கு மனத்தெம்பு ஊட்ட 1912-ல் தொடங்கினார்கள். முன்வரிசையில் பறக்கிற பந்தயக்காரர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் சற்று ஒதுங்கி நின்று, பின்னால் வேடமிட்டுச் சிரித்துக்கொண்டு வரும் கூட்டத்தைப் பார்ப்போம். அதிலும், இடுப்பைச் சுற்றி வலைத்துணி பூத்திருக்கும் டூட்டூ என்ற பாலேப் பாவாடையைக் கட்டி ஓடுகிறவர்களை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம்.

முதலில் அந்தப் பாவாடை அசைகிற அழகு. பாதம் தரையில் பதிகிறது, உடல் இறங்குகிறது. பாவாடை மட்டும் இறங்க மறந்து அரைக்கணம் மேலேயே மிதக்கிறது. அது இறங்க மனம் வைக்கும்போது உடல் அடுத்த எட்டுக்கு எழுந்துவிடுகிறது. ஆக, ஓடுகிறவர் ஒரு தாளத்தில் போகிறார், அவருடைய பாவாடை அதற்குப் பின்தாளம் போட்டுக்கொண்டு வருகிறது. சாதாரணக் கால்சட்டையில் ஓடும்போது நம் கண்ணுக்குத் தப்பிவிடும் ஏற்ற இறக்கம் முழுவதையும் இந்த மெல்லிய வலை பெரிதாக்கி, இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் எழுதிக் காட்டிவிடுகிறது. ஓட்டத்துக்கு இத்தனை துள்ளல் உண்டு என்பதே டூட்டூ கட்டிய ஒருவரைப் பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

பாலே மேடையில் இதே ஆடைக்கு வேறு வேலை. 1832-ல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' ஆடிய மரீ டாக்லியோனியின் வெண்ணிறப் பாவாடை, கெண்டைக்கால்வரை மணிபோல் கவிந்திருந்தது. தரையில் காலே படாத வனதேவதை அவள் என்று பார்த்தவர்களை நம்பவைத்ததில் அந்தப் பாவாடைக்கும் பங்குண்டு. பிறகு கால்வேலை நுணுக்கமாக ஆக ஆக, பாவாடை மெல்ல மெல்லக் குறுகியது. கடைசியில் இடுப்பிலிருந்து தட்டையாக, கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கும் வட்டமாயிற்று. விரல்நுனியில் நின்று பொடிப்பொடி அடிகளாக மேடையைக் கடக்கும் நடனமணியைக் கவனியுங்கள். கால்கள் படபடக்கின்றன. மேலே அந்த வட்டம் ஓரத்தில் மட்டும் ஒரு நடுக்கம் காட்டி, மற்றபடி அலுங்காமல் வழுக்கிப் போகிறது. பாடெல்லாம் கீழே, சாந்தமெல்லாம் மேலே!

அந்த சாந்தத்துக்குப் பின்னால் இருக்கும் தையலை நினைத்தால் விரல் வலிக்கும். பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட் துணி. ஒவ்வொன்றும் நெருக்கிச் சுருக்கப்பட்டது. மேலே போகப் போக அகலம் கூடும். நடுவே ஓர் அடுக்குக்குள் மெல்லிய எஃகுக் கம்பி வளையம். அடுக்குகள் ஒன்றையொன்று விட்டு விலகாமலும் ஒட்டிக்கொள்ளாமலும் இருக்க, இடையிடையே தொளதொளவென்று போட்ட கைத்தையல்.

இந்தக் கம்பி வளையத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு: பக்கத்தில் ஆடுபவர் மேல் உரசினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். கார்க்கிவில் பிறந்து நியூயார்க்கில் பேர் பெற்ற ஆடைக்கலைஞர் கரின்ஸ்கா, 1950-ல் நடன அமைப்பாளர் பாலன்சினின் 'சிம்பனி இன் சி' பாலேக்காகக் கம்பியையே எடுத்துவிட்டார். ஆறேழு அடுக்குகள் மட்டும், ஒன்றைவிட அடுத்தது அரை அங்குலம் நீளம். குட்டையான அடுக்கு நீளமானதைத் தாங்கிக்கொள்ள, பாவாடை பவுடர் பஞ்சுபோல் புசுபுசுவென்று நின்றது. நெரிசலில் உரசினாலும் கோணாது. தெருவில் ஓடுகிற டூட்டூ, கரின்ஸ்காவின் வழியில் வந்த தூரத்துப் பேத்தி என்றே எனக்குத் தோன்றும்.

பேத்தியின் செய்முறையோ மிக எளிது, ஊசிகூட வேண்டாம். இடுப்பளவுக்கு ஓர் எலாஸ்டிக் பட்டை. ஆறங்குல அகலத்தில் சுருளாக விற்கிற நெட் துணி. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பை எலாஸ்டிக்குக்குள் நுழைத்து, இரு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு. இப்படியே நெருக்கமாக ஒரு சுற்று. வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கிட்டே போய்ப் பாருங்கள்: பொடிப்பொடி அறுகோணக் கண்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக் கண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இழை பிரிவதே இல்லை. இத்தகைய வலையை இயந்திரத்தில் நெய்ய 1800-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் வழி கண்டுவிட்டார். அதற்கு முன் இது விரல்களும் கண்களும் தேயச் செய்த கைவேலை.

அசைவைக் காட்டிக்கொடுக்கும் ஆடை என்றதும் நம் ஊர் பரதநாட்டிய ஆடையின் விசிறி நினைவுக்கு வராமல் போகாது. அரைமண்டியில் அமரும்போது முன்கொசுவம் விரிந்து, முழங்கால்களின் திறப்பை ஊருக்கே சொல்லிவிடுகிறதே! பரதநாட்டிய மேடைக்குப் புது ஆடை ஒழுங்கு வகுத்தவர்களில் முதன்மையான ருக்மிணி தேவி, அதற்கு முன் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே படித்தவர். துணியை ஆட்டத்தின் கூட்டாளியாகப் பார்க்கிற கண் அந்தப் பயிற்சியில் இன்னும் கூர்மைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

மறுபடி தெருவுக்கு வருவோம். ஓட்டம் ஒன்பதாம் தெருவில் திரும்பி ஹேய்ஸ் தெருவைப் பிடிக்கிறது. வான் நெஸ் சாலையைக் கடக்கும் இடத்தில் எத்தனை பேர் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்களோ? டேவிஸ் இசையரங்குக்கு அப்பால் நிற்பது வார் மெமோரியல் ஓபரா ஹவுஸ். 1933-ல் பிறந்த சான் பிரான்சிஸ்கோ பாலேயின் வீடு. 'நட்கிராக்கர்' பாலே முழு நீளமாக அமெரிக்காவில் முதன்முதலில் ஆடப்பட்டது இங்கேதான், 1944 கிறிஸ்துமஸ் காலத்தில். அசல் டூட்டூக்கள் உறங்கும் வீட்டை ஒட்டி, எலாஸ்டிக் டூட்டூக்கள் மூச்சிரைக்க ஓடிப்போகின்றன.

அப்புறம் வருகிறது ஹேய்ஸ் மேடு. நூறடிக்குப் பதினோரடி ஏறும் செங்குத்து. துள்ளல் அடங்குகிறது, பாவாடைகள் இப்போது பக்கவாட்டில் மட்டும், இடுப்பு சாய்கிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து வருகின்றன. கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு மேடு முழுவதும் நெட் பூக்கள். காலை மூடுபனி இருந்தால் இன்னும் விசேஷம்: வலைக்கண்களில் பொடித்துளிகள் கோத்து நிற்கும். தாடியும் தொந்தியுமாக ஓர் ஆண், மஞ்சள் டூட்டூவைச் செல்லமாகத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு கூச்சமும் இல்லாமல் ஏறுகிறார். இதே ஓட்டத்தில் 1940-ல் ஒரு பெண் ஓட விரும்பியபோது, ஆண் வேடம் போட்டுக்கொண்டுதான் ஓட முடிந்தது. பெண்களுக்கு முறையான அனுமதி 1971-ல்தான். அந்த மஞ்சள் டூட்டூ எனக்கு இரட்டிப்பு அழகாகத் தெரிய இதுவும் காரணம்.

இந்த ஓட்டத்தில் எதிர்நீச்சல் போடும் சால்மன் மீன்களும் உண்டு. மீன் வேடமிட்ட ஒரு கூட்டம் கடல் பக்கமிருந்து கிளம்பி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவரும். அவர்களுக்கு வழிவிட ஒதுங்கும்போது டூட்டூக்காரர்கள் இரு கையாலும் பாவாடையை அமுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, முன்பாதத்தில் எழும்பி நிற்கிறார்கள். எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்காத அசல் பாலே நிலை! மீன் போனதும் கையை எடுக்கிறார்கள். நெட் பழையபடி பொம்மென்று விரிகிறது. அடுத்த மீன் வந்துவிடுகிறது.