எழுத்துத்திறன் மதிப்பீடும் அளவுகோலின் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

எழுத்துத்திறனை அளக்கும் தேர்வு எதுவாயினும், நல்ல எழுத்து என்பது யாது என்னும் வினாவுக்கு ஒரு விடையை முன்னரே கொண்டிருக்கின்றது. அவ்விடை ஆங்கிலத்தை நோக்கி வகுக்கப்பட்டதாயின், கலைச்சொற்களை மட்டும் தமிழாக்கி அதனைத் தமிழ் எழுத்துக்குப் பயன்படுத்துதல் பொருந்துமா என்பது இங்கு ஆராயப்படுகின்றது. தமிழை முதல்மொழியாகக் கொண்ட மாணவர் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் உடன் பயிலும் பெங்களூர்ச் சூழல் இவ்வாய்வுக்குக் களமாகின்றது.

2. பெங்களூர்த் திட்டத்தின் மதிப்பீடு

1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ். பிரபு நடத்திய ஆங்கிலம் கற்பித்தல் முயற்சி 'பெங்களூர்த் திட்டம்' எனப் பெயர் பெற்றது. இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், பொருளை நாடும் செயல்களின் வழி மொழியைப் பயிற்றுதல் அதன் கொள்கையாகும். பெரெட்டா, டேவிஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஐவகைத் தேர்வுகள் இடம்பெற்றன. அவை மொழியமைப்பு, சூழல்வழி இலக்கணம், சொல்வதெழுதுதல், கேட்டும் படித்தும் புரிதல், செயல்வழித் தேர்வு என்பன. செயல்வழித் தேர்வில் திட்ட வகுப்பினரும், மொழியமைப்புத் தேர்வில் பெரும்பாலும் மரபுவழி வகுப்பினரும் மேம்பட்டனர். தேர்வின் இயல்பு முடிவின் இயல்பைத் தீர்மானிக்கக்கூடும் என்பது இதனாற் புலனாகும்.

எனினும், மாணவர் தம் கருத்தைத் தாமே தொகுத்தெழுதும் கட்டுரை அவ்வைந்தனுள் ஒன்றாக இல்லை. சொல்வதெழுதுதலில் மாணவர் எழுதுவது பிறருடைய வாக்கியத்தையே ஆகும். ஆகவே இம்மதிப்பீட்டினின்றும் எழுத்தாக்கத் திறனைப் பற்றிய முடிவு எதனையும் பெறுதற்கில்லை.

3. நேரடித் தேர்வும் பகுப்புமுறையும்

கட்டுரை எழுதச்செய்து மதிப்பிடுதலிலும் இடர் உண்டு. டீடரிக் முதலியோர் 1961இல் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆய்வில், பல துறைகளைச் சார்ந்த 53 பேர் 300 கட்டுரைகளை 9 தரநிலைகளுள் வகைப்படுத்தினர். அவற்றுள் 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் குறைந்தது 7 வேறுபட்ட தரநிலைகளைப் பெற்றன. ஒருவர் கருத்தை நோக்க, மற்றொருவர் பிழையை நோக்கினார்.

இக்குறையை நீக்கும் பொருட்டுப் பகுப்புமுறை அளவுகோல்கள் எழுந்தன. ஜேக்கப்சும் பிறரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. அது கருத்துக்கு 30, ஒழுங்கமைப்புக்கு 20, சொல்லாட்சிக்கு 20, மொழிப்பயன்பாட்டுக்கு 25, எழுத்துமுறைக்கு 5 என 100 மதிப்பெண்களைப் பகிர்கின்றது.

4. தமிழுக்குப் பொருந்தாமை

எழுத்துமுறை என்னும் இறுதிப் பகுப்பில் எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, ஆங்கிலப் பெரிய எழுத்து, பத்தி பிரித்தல், கையெழுத்து ஆகியன அடங்கும். பெரிய எழுத்து தமிழில் இல்லை. சந்தியோ இப்பகுப்பினுள் அடங்குவதன்று. 'தந்த பலகை' என்பது கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்பது யானைத் தந்தத்தாலான பலகை. இங்கு ஒற்று பொருளை வேறுபடுத்துகின்றது. 'தமிழ்ப் பாடம்' என்பது 'தமிழ் பாடம்' என எழுதப்படின் மரபு வழுவுமேயன்றிப் பொருள் மாறாது. இவ்விரண்டையும் ஒரே பிழையாகக் கொண்டு மதிப்பெண் குறைத்தல் முறையன்று.

அவ்வாறே 'பறவைகள் பறந்தது' என எழுதும் மாணவர் இலக்கணம் அறியாதவர் எனல் பொருந்தாது. பேச்சுவழக்கின் இலக்கணத்தை எழுத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். இரட்டை வழக்குடைய மொழியில் இதற்குத் தனிப்பகுப்பு வேண்டும்.

பெங்களூரில் மேலும் ஒரு சிக்கல் தோன்றும். 'ஏழு' என்பதை 'ஏளு' என ஒரு மாணவர் எழுதலாம். ழகர ளகர வேறுபாடு தமிழ்ப் பேச்சுவழக்குகள் பலவற்றில் மறைந்துள்ளது. இக்காலக் கன்னடத்திலும் ழகரம் இல்லை, அச்சொல் அங்கு ளகரத்துடனேயே வழங்குகின்றது. பிழை எதனால் நேர்ந்தது என்பதை அவ்வொரு சொல்லைக் கொண்டு துணிதல் இயலாது. காரணம் அறியாத மதிப்பெண் மாணவரைத் தண்டிக்குமேயன்றித் திருத்தாது.

5. முடிவுரை

இத்தகைய நுண்பகுப்பு பல்லாயிரம் விடைத்தாள்கள் திருத்தப்படும் பொதுத்தேர்வுக்கு ஏலாது எனலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் கர்நாடகப் பத்தாம் வகுப்பில், முதல்மொழியின் 125 மதிப்பெண்ணுள் 100 எழுத்துத்தேர்வுக்கும் 25 அகமதிப்பீட்டுக்கும் உரியனவாகப் பகுக்கப்பட்டு வந்துள்ளன. மாணவரின் எழுத்தைத் தொடர்ந்து காணும் ஆசிரியர் இப்பகுப்பைக் கையாளுதற்கு அகமதிப்பீடே ஏற்ற இடமாகும். பொருள் மாற்றும் பிழை, மரபுப்பிழை, பேச்சுவழக்கின் வரவு, பிறமொழித் தொடர்பின் வரவு என நான்கனைப் பிரித்துக் குறித்தலும், ஐயுற்ற கட்டுரையை இரண்டாம் ஆசிரியர் ஒருவர் தனித்துத் திருத்துதலும் தொடக்கமாக அமையலாம்.

அளவுகோலைத் தமிழாக்குவோர் முதலில் பெயர்க்க வேண்டுவது சொற்களையன்று. எப்பிழைக்கு எத்துணை எடை என்னும் தீர்ப்பைத் தமிழின் இயல்பு கொண்டு அவர்கள் புதிதாக வகுத்தல் வேண்டும். அதுவரை, தம் வீட்டு வழக்கையும் நகரின் பிறமொழியையும் உடன் கொண்டு எழுதும் மாணவர் பெறும் மதிப்பெண், அவருடைய எழுத்துத்திறனின் அளவு ஆகாது.