உடன்போக்கும் இருப்புப்பாதையும்

எழும்பூரினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் சந்திப்பை அடைகின்றது. அங்கே விருத்தாசலம், மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி நோக்கிக் கிளைக்கின்றது. ஊரைத் துறந்து புறப்படும் இளங்காதலரைப் பற்றிய நம் திரைப்படங்களில் இத்தகைய இடைவழி பெரிதும் இடம்பெறுவதில்லை. இது சிறு குறையன்று என்பதே நம் கருத்து.

அகப்பொருள் மரபில் உடன்போக்கு பாலைத்திணையின்பாற்படும். சுரத்தின் வெம்மை, ஆறலைகள்வரால் வரும் அச்சம், தேடிவரும் செவிலி, எதிர்ப்படும் கண்டோர் ஆகிய யாவும் அதன்கண் அடங்கும். பாலைக்கலியில், மகளைத் தேடிச் செல்லும் செவிலிக்கு அவள் சென்றது அறமே என முக்கோற்பகவர் தெளிவிக்கின்றனர். எனவே இடைவழி துன்பக்களம் மட்டுமன்று. காதலர் செயலை அயலார் ஏற்கும் களமும் ஆகும்.

பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) ஈண்டு நோக்கத்தக்கது. பிரிந்து சென்ற பரஞ்சோதி வண்டியின் கடைசிப் பெட்டியில் எழுதி விடுக்கும் செய்தியைப் பாஞ்சாலி படிக்கின்றாள். தூதாய் வந்த வண்டியே முடிவில் இருவரையும் ஏற்றிச் செல்கின்றது. தூதும் உடன்போக்கும் ஒரு பொருளில் இணைந்தமை இப்படத்தின் நயம். எனினும் ஊரின் கொடுமையை விரித்த படம், வண்டி புறப்பட்ட அளவில் நின்றுவிடுகின்றது. ஏறினால் விடுதலை என்னும் எண்ணமே காண்போர் உள்ளத்தில் எஞ்சுகின்றது.

நாற்பது ஆண்டு கழித்து வந்த மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) அவ்வெண்ணத்தைத் தகர்க்கின்றது. இங்கு உடன்போக்கே நிகழவில்லை. கருப்பி என்னும் நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு மாய்கின்றது. பின்னர்ப் பரியனையும் தற்கொலை போலத் தோன்றுமாறு தண்டவாளத்தில் கிடத்துகின்றான் ஒரு முதியவன். முன்னதில் உய்யும் வழியாயிருந்தது பின்னதில் கொலைக்களமாயிற்று. பாலையின் ஆறலைகள்வர் அயலார். இங்குக் கொலையை ஏவுவோரோ தலைவியின் சுற்றத்தார்.

முன்னைய படம் இடைவழியைக் காட்டாது விட்டது; பின்னையது அவ்வழியே அடைபட்டதைக் காட்டிற்று. வழியில் எதிர்ப்படுவோர் காதலரை ஏற்பரோ என்னும் வினா இரண்டிலும் எழவில்லை. அவ்வினாவிற்கு விடை கூறும் தொன்மை இவ்விருப்புப்பாதை செல்லும் மண்ணுக்கே உண்டு. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், பண்டை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படை அவனை நோக்கிச் செல்லும் வறிய பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழியூர்களையும் ஆங்காங்குப் பெறும் உணவையும் எடுத்துரைக்கின்றது. வழியிலுள்ளோர் வறியோனை ஏற்பர் என்னும் உறுதியே அந்நூலின் உயிர்.

அவ்வுறுதி இன்றும் உளதோ என வினவும் படமே உடன்போக்கு மரபின் உண்மை வழித்தோன்றலாகும். நள்ளிரவில் விழுப்புரம் நடைமேடையில் இறங்கும் இருவர்க்கு நீர் தருவார் யார், அவர்களைக் காட்டிக்கொடுப்பார் யார் என அப்படம் கேட்டல் வேண்டும். அங்குக் கண்டோராய் நிற்பவர் பிறர் அல்லர், நாமே.